நாலெழுத்து

பவள விழா மலருக்குப் பள்ளியின் வரலாறு வேண்டுமாம்.
ஹைஃபாவில், கார்மேல் சரிவில், இரண்டாம் மாடியில்
சம்பளப் பட்டியல் அடிப்பவள் நான்.
இரண்டு பக்கம் போதும் என்றார் தலைமையாசிரியர்,
கொஞ்சம் பெருமையாக இருக்கட்டும்.

என்னிடம் இருப்பது ஒரு கணக்குப் புத்தகம்.
லிதுவேனியாவிலிருந்து
யாருடைய கோட்டு மடிப்பிலோ வந்தது.
மீதியெல்லாம் செவிவழி.

பத்தொன்பதில் தொடங்கினார் ரப்பி மெஷுலாம் சால்கிந்த்,
ஆற்றங்கரையில், காலியான ஆளிநார்க் கிடங்கில்.
காலையில் தால்மூத்.
மதியத்துக்கு மேல் அல்ஜீப்ரா, லத்தீன்,
குடுவையில் நீலமாய் மயில்துத்தக் கரைசல்.
தலையில் குல்லாவோடு பையன்கள் தவளை அறுத்தார்கள்.
படிப்பா இது, மதமாற்றமா என்றது ஜெபஆலயத் தெரு.
பூஞ்சணம் பிடித்த ஏடுகளுக்கு எதற்கு பெஞ்சு என்றது
தொழிற்சங்கத் தெரு.
ஜன்னல் கண்ணாடிச் செலவு மாதம் தவறாமல் இருக்கிறது.
கண்ணாடிக்காரர் ரசீதில் ஒரு வரி:
இரு தரப்புக் கல்லும் ஒரே எடை.

இருபத்தாறு, மார்ச்.
நாலெழுத்துப் படிக்கட்டும் என்று அனுப்பிய பையன்
ஹிர்ஷ் கார்ப்பெல், பதிமூன்று வயது, வந்து மூன்றாம் நாள்.
இலக்கண வகுப்பில் ஒரு வசனத்தை எழுதச் சொன்னார்கள்.
சுருக்கக் குறி போடத் தெரியவில்லை அவனுக்கு.
இறைவனின் பெயரை முழுசாக, நாலெழுத்தையும்,
சாக்பீஸால் எழுதிவிட்டான்.

எழுதினால் எழுதியதுதான்.
அழிக்கக் கூடாது.

மணி அடித்தது. உள்ளே வந்தார் டாக்டர் தானென்வால்ட்.
பிரெஸ்லாவில் பட்டம், கிட்டப்பார்வை,
சாப்பாட்டு விதிகளில் சால்கிந்தைவிடக் கண்டிப்பு.
இடது ஓரத்தில் ஆரம்பித்தார் இருபடிச் சமன்பாட்டை.
ஹீப்ரு வலமிருந்து வந்து நின்றிருந்தது,
அல்ஜீப்ரா இடமிருந்து போய்க்கொண்டிருந்தது.
சமக்குறி போட்டு, சுழியம் போட்டு நிமிர்ந்தால்
மூக்குக்கு நேரே அந்தப் பெயர்.

ஒரு வாரம் பலகைமேல் துணி தொங்கியது.
சால்கிந்த் நூல்களைப் புரட்டினார், பிறகு
தச்சருக்கு ஆள் அனுப்பினார்.
"வாள் வாடகை, இரண்டு லிதாஸ்."
உள்ளங்கை அகலத்துக்கு அறுத்தெடுத்து
கிழிந்த பிரார்த்தனை நூல்களோடு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.
பெயரோடு ஒட்டிக்கொண்டு
சமக்குறியும் சுழியமும் மண்ணுக்குள் போயின.
"ஒட்டுப் பலகை: அடுத்த ஆண்டு."
பதினைந்து ஆண்டும் அதே வரி.

ஓட்டை வழியே சுவரின் சுண்ணாம்பு தெரியுமாம்.
அதில் ரொட்டித் துண்டு ஒளிப்பார்களாம்.
ஆசிரியர்கள் அதைச் சுற்றி எழுதப் பழகினார்கள்,
பள்ளத்தைச் சுற்றி வண்டி ஓட்டுவதுபோல.

நாற்பத்தொன்றுக்கு வரி இல்லை.
சால்கிந்த், தானென்வால்ட், இருநூற்றுப் பதினேழு பையன்கள்,
ஊருக்கு வெளியே, காட்டில்.
அடிக்க உட்கார்ந்தேன்.
எழுந்துபோய்ச் சம்பளப் பட்டியலை முடித்தேன்.
மறுநாள்தான் அடித்தேன்.

முப்பத்துநாலிலேயே கப்பல் ஏறியிருந்தான் கார்ப்பெல்.
குடிநீர்க் குழாய்ப் பொறியாளர்.
ஐம்பத்திரண்டில் ஒன்பது பையன்களோடு
அதே பெயரில் இங்கே திறந்தார்.
காலையில் தால்மூத். மதியத்துக்கு மேல் அல்ஜீப்ரா.
இப்போது எண்பத்தொன்று, காது மந்தம்.

தொலைபேசியில் கத்தினேன்: அந்தச் சமன்பாடு நினைவிருக்கிறதா?
இடப்பக்கம் முழுவதையும் ஒப்பித்தார்,
காலை ஜெபம் சொல்கிற வேகத்தில்.
விடை?
எதற்குச் சமம் என்று தெரியாமல் எப்படியம்மா?
சுழியத்துக்குத்தானே, என்றேன்.
சுழியம்தான், எல்லாருக்கும் தெரியும்,
ஆனால் பலகையில் இல்லையே.
சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.
டாக்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, என்றார் பிறகு.
வீட்டுப்பாடம் மட்டும் இரண்டு மடங்கு.

இரண்டாம் பக்கத்தின் நடுவே
உள்ளங்கை அகலம் காலியாக விட்டு அனுப்பினேன்.
அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள்:
இங்கே ஒரு படம் விடுபட்டிருக்கிறதே?

இல்லை, என்றேன்.
அளவு மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.